ஒரு வரிதானே

என் மகனுக்கு,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. அதற்குப் பிறகு நீ இரண்டு தரம் கூப்பிட்டாய். இரண்டு தரமும் உன் சளி, ஹாஸ்டல் சாப்பாடு, துணி துவைக்கும் மெஷின் என்று நானே பேசி, நானே முடித்துவிட்டேன். நீயும் விட்டுவிட்டாய். அந்த விஷயத்தில் நீ உன் அப்பாதான். ஒரு தரம் கேட்பாய், மறுபடி கேட்கமாட்டாய். பேசும்போது எனக்குத் தப்பித்துக்கொள்ள வழி தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். கை விரல்கள் மரத்துப்போகின்றன, நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வாழ்நாள் முழுக்க டைப் அடித்தவளுக்குக் கையெழுத்து எங்கே அழகாக வரும்.

நீ கேட்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். வணிகச் சட்டமும் வரிவிதிப்பும் படிக்கிற உனக்குக் கடைசி வருஷத்தில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். ஒரு ஆள் எந்த ஊர்க்காரர் என்பதைச் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது, வரியைக் குறைப்பதற்காக ஜனங்கள் அதை எப்படி மாற்றிக் காட்டுகிறார்கள் என்பது நீ எடுத்துக்கொண்ட விஷயம். நம் ஊரில் வண்டிக்கு வரி குறைவு என்பதால், வெளியூர்ப் பணக்காரர்கள் இங்கே குடியிருப்பதாக ஒரு விலாசத்தைக் காட்டிப் பெரிய பெரிய கார்களைப் பதிவு செய்த கதையை அதற்கு உதாரணமாக வைத்தாய். தகவல் உரிமை மனுப் போட்டு, சந்தேகத்துக்குரிய விலாசங்களின் பட்டியலை வாங்கினாய். அதில் முத்தியால்பேட்டை இருந்தது. நம் சந்து இருந்தது. நம் கதவு எண் இருந்தது. மேல் மாடி, கேராஃப் என்று போட்டு உன் அப்பா பெயர் இருந்தது. அந்த ஒரே விலாசத்தில் பதினோரு கார்கள்.

"யாரோ நம்ம அட்ரஸைத் திருடிப் போட்டுக்கிட்டாங்க போலம்மா" என்றாய். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. நீ புத்திசாலி, அதிலேயே உனக்குப் புரிந்திருக்கும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா பேரு இருக்குதும்மா. அவரு போயி ரெண்டு வருஷம்கூட ஆவல. லிஸ்ட்டுல நாப்பது விலாசம் இருக்குது. நம்மளத மட்டும் எடுத்துட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல. ஒரு வரிதானேம்மா, எடுத்துடட்டா?" என்றாய். அப்போதுதான் எனக்குக் குக்கர் விசில் அடித்தது.

யாரும் திருடவில்லை, தம்பி. அந்த விலாசத்தை டைப் அடித்தது நான்தான். பதினோரு தரமும் நான்தான்.

வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜாப் டைப்பிங் கடையில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். மதியம் ஸ்கூல் விட்டதும் அங்கே வந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். அங்கே வந்து போன ஏஜென்ட்டுகளில் அந்துவான் என்று ஒருத்தர், சட்டைப்பையில் நாலு பேனா, எந்நேரமும் அவசரம். உனக்குக்கூடக் கமர்கட் வாங்கித் தருவார். அவர்தான் ஒருநாள் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது, வண்டி விவரமெல்லாம் இருந்தது. விலாசம் மட்டும் காலி. "ஏதாவது ஒரு வீட்டப் போடுக்கா. விலாசம்தானே" என்றார்.

எதிர்த்த டெய்லர் வீட்டைப் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தால் அந்த மனுஷன் வாசலில் போய் நிற்பார்களே, பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாதே என்று தோன்றியது. அதனால் நம் வீட்டை அடித்தேன். அடுத்தவரை மாட்டிவிடக் கூடாது என்று நினைத்த என் நல்ல மனசை அன்றைக்கு நானே மெச்சிக்கொண்டேன். பொய் விலாசம் அடிக்கும்போதும் பின்கோடு தப்பாகிவிடக் கூடாது என்று இரண்டு தரம் சரிபார்த்தவள் உன் அம்மா. நம் வீட்டுக்கு மேல் மாடி ஏது. மொட்டை மாடி, ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க், ஒரு துணிக்கொடி. நம் சந்தில் எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அந்தச் சந்தில், உன் பட்டியல்படி, பதினோரு பெரிய கார்கள் குடியிருந்திருக்கின்றன.

உன் படிப்புச் செலவுக்காகச் செய்தேன் என்று சொன்னால் இந்தக் கடிதம் எழுத எனக்குச் சுலபமாக இருக்கும். படிக்க உனக்கும் இதமாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. அந்துவான் மற்ற ஃபாரத்துக்குக் கொடுத்த அதே கூலியைத்தான் இதற்கும் கொடுத்தார். நான் கூடுதலாகக் கேட்கவும் இல்லை. அலுப்பில் செய்தேன், அவ்வளவுதான். காலையிலிருந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருக்கும். எதிரில் ஆள் நின்றுகொண்டே இருப்பார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், முகம் கோணும், கடை முதலாளி எட்டிப் பார்ப்பார். அடித்துக் கொடுத்துவிட்டால் போய்விடுவார். பேராசையால் தப்பு செய்கிறவர்களைப் பற்றி உன் புத்தகங்களில் நிறைய இருக்கும். அலுப்பால் செய்கிறவர்களைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து அவர்கள்தான் அதிகம். நாளைக்கு நீ வேலைக்குப் போய் ஃபைல்களைப் புரட்டும்போது கார்க்காரர்களை மட்டும் பார்க்காதே. அந்த ஃபாரத்தை அடித்தது யார், அன்றைக்கு எத்தனையாவது ஃபாரம் அது என்றும் யோசி. மன்னிக்கச் சொல்லவில்லை, யோசிக்கச் சொல்கிறேன்.

விலாசம் மட்டும் போதாது, வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்றார் அந்துவான். அதையும் நானே அடித்தேன். வீடு உன் அப்பா பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்து வேண்டும். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டராக இருந்தவருக்கு அன்றைக்கு இரட்டை டியூட்டி. வந்து, குளித்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவரிடம் பத்திரத்தை நீட்டினேன். "என்னாது?" என்றார். "கடை வேலை. கையெழுத்துதானே, போடுங்க" என்றேன். தட்டை இடது பக்கம் தள்ளி வைத்துவிட்டு, படிக்காமல் போட்டார். அடுத்தடுத்த பத்துக்கும் அப்படியே. பஸ்ஸில் வந்து இறங்கி வழி தெரியாமல் நிற்கிற நோயாளியிடம்கூட, "டாக்டர் இன்னிக்கு வரமாட்டாரு, சும்மா எதுக்கு நிக்கிறீங்க, நாளைக்கு வாங்க" என்று உள்ளதைச் சொல்லி அனுப்புகிற மனிதர். நான் நீட்டிய காகிதத்தை அவர் ஒருநாளும் படித்ததில்லை. படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவருக்கு விஷயம் தெரிந்த கதையையும் கேள். நீ ட்யூஷனுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை ஷூ போட்ட ஒருத்தர் காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, சாக்கடையைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தார். அப்பா கைலியோடு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான்தான் உங்க மேல் மாடி டெனன்ட்" என்றார் வந்தவர்.

அப்பா பேப்பரை மடித்தார். "நம்ம வூட்ல மாடி ஏது சார்? வேற வூட்டத் தேடி வந்துட்டீங்க போல."

"இல்ல சார். விசாரணை வரும்போல இருக்கு, ஒரு தரம் வீட்டைப் பாத்து வெச்சுக்குங்கன்னு ஏஜென்ட் சொன்னார்" என்று சொல்லி, கவரிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பா தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற என்னையும் பார்த்தார். பிறகு எழுந்து, "வாங்க சார், மேல போயி பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். மொட்டை மாடியில் நான் மோர்மிளகாய் காயப் போட்டிருந்தேன். அந்த மனிதர் அதை மிதிக்காமல் பக்குவமாகச் சுற்றி நடந்து, டேங்கைத் தட்டிப் பார்த்து, "நல்லா காத்து வருது சார், நீங்க குடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதரென்று சொல்ல முடியாது. காபி கொடுத்தேன், டம்ளரைக் கழுவித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். அவர் போன பிறகு உன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும்.

சில வாரம் கழித்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார், வயசுப் பெண். அப்பாதான் கதவைத் திறந்தார். "இந்தப் பேர்ல யாராவது இங்க குடியிருக்காங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் கையில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தேன். இல்லை என்று சொன்னால் டைப் அடித்தவளைத் தேடிக் கடைக்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"இருக்காரும்மா. ஊருக்குப் போயிருக்காரு" என்றார்.

அந்தப் பெண் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார், போய்விட்டார். அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசையில் எல்லாரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் எழுந்து போனபோது உன் அப்பா எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. யாராவது கேட்டால் முழங்கால் வலி என்றார். நீகூட ஒருநாள் அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அந்த முழங்காலில் ஒரு வலியும் இல்லை. தவக்காலம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். பெரிய வெள்ளிக்கு முன்னால் சாமியாரிடம் அந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வந்த பிறகுதான் மறுபடி வரிசையில் நின்றார். எனக்காக ஒரு பொய் சொன்னவர் இத்தனை நாள் தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டார். பதினோரு பொய்யை டைப் அடித்த நான் மட்டும் ஒரு ஞாயிறு விடாமல் போய் நன்மை வாங்கினேன். நானும் உட்கார்ந்துவிட்டால் ஜனங்கள் என்ன ஏது என்று கேட்பார்களே என்ற பயம். உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தில் எனக்கு ரொம்பக் கூச்சமாக இருக்கிற இடம் இதுதான்.

அந்துவானிடம் இனிமேல் முடியாது என்று சொன்னேன். "பதினொண்ணு போட்டாச்சு, பன்னெண்டாவதுல என்னாக்கா வந்துடப்போவுது" என்று சிரித்தார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை, வேறு கடைக்குப் போய்விட்டார். ஆனால் போட்டதை நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் கேள்வி வரும். நாளைக்கு, அடுத்த மாசம், உன் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மறந்துவிட்டதாக என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

நீ வணிகச் சட்டமும் வரியும் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை. உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்க, இது எதற்கு இவனுக்கு என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் படியேன் என்று நான் நச்சரித்ததற்குக் காரணம் இப்போது உனக்குப் புரியும். அப்பாவுக்கோ ஒரே பெருமை, வார்டில் எல்லாருக்கும் மிட்டாய். உன்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நல்லாப் படிக்கட்டும். ஒருநாள் நம்மளயும் படிப்பான்" என்றார். அந்த விஷயத்தை அவர் வாயால் பேசியது அந்த ஒரு தரம்தான். கோபமாகச் சொல்லவில்லை. காத்திருக்கிற மாதிரி சொன்னார். நீ படிக்கும்போது அவர் இல்லாமல் போய்விட்டார்.

வரியைத் தவிர்ப்பது வேறு, ஏய்ப்பது வேறு என்று போன லீவில் நீ எனக்குப் பாடம் எடுத்தாய். சட்டம் விட்டிருக்கிற வழியில் போனால் தவிர்ப்பு, இல்லாததை இருக்கிறதாகக் காட்டினால் ஏய்ப்பு என்றாய். கீரை ஆய்ந்துகொண்டே தலையாட்டினேன். நல்ல வேறுபாடுதான், பரீட்சைக்கு உதவும். ஆனால் என் கடையில் அந்த இரண்டு வார்த்தையும் ஒரு தரம்கூட யாரும் சொன்னதில்லை. அங்கே புழங்கியது ஒரே சொல், 'தானே'. விலாசம்தானே என்றார் அந்துவான். கையெழுத்துதானே என்றேன் நான். போனில் நீ ஒரு வரிதானே என்றபோது, நான் பெற்ற பிள்ளையின் குரலில் அந்தச் சொல் வந்ததும்தான் போனை வைத்தேன். எழுதுவதும் வரி, கட்டுவதும் வரி. நீ இரண்டையும் படிக்கிறவன். யாராவது எதற்காவது பின்னால் 'தானே' போட்டால், அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஒரு தரம் எழுந்து நடந்துவிட்டு வா. நான் உனக்குத் தரக்கூடிய சட்ட அறிவு இவ்வளவுதான்.

உன் மேல் எனக்குக் குறை இல்லை. அப்பா பெயருக்காகத்தான் கேட்டாய். மாசக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெரிய வரி ஆலோசனை நிறுவனம் உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிடும் என்று உன் கைடு சொல்லியிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். நீயும் அசந்துபோயிருக்கிறாய். குரலிலேயே தெரிகிறது. அலுத்துப்போனவர்களுக்குத்தான் இந்த மாதிரி யோசனை வரும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்.

முந்தாநாள் காலை வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பதினோரு வண்டிக்கும் விலாசம் அடித்தது நான், என் வீட்டுக்காரர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், அந்த விலாசத்தில் எங்களைத் தவிர யாரும் ஒருநாளும் குடியிருந்ததில்லை என்று கையால் எழுதி எடுத்துப்போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு தரம் படித்தாள்.

"எதுக்கும்மா இப்ப? எல்லாம் பழைய விஷயம். உங்களத் தேடி யாரும் வரலியே."

"வரலம்மா. அதான் நானே வந்துட்டேன்."

"வயசானவங்க. வீட்டுக்குப் போங்கம்மா. தேவையில்லாத தலைவலி."

"வாங்கிக்கிட்டேன்னு முத்திரை போட்டுக் குடு கண்ணு. போயிடறேன்."

உள்ளே யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்து போட்டுக் கொடுத்தாள். இறங்கி வரும்போது மனசு லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கால் வலித்தது, டீ குடிக்க வேண்டும் போல் இருந்தது. கூப்பிட்டால் போவேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். இந்த வயசில் பயப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆகையால் நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த வரியை எடுக்காதே. எடுத்தால் உன் அப்பா சொன்ன பொய் மறையும், உண்மைதான். அதை யாருக்காகச் சொன்னார் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். அவர் பெயர் அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் என் பெயரைச் சேர்த்து எழுது. டைப் அடித்தவர் இவர், இந்த ஆய்வை எழுதுகிறவனின் தாய் என்று கீழே ஒரு குறிப்புப் போடு. முத்திரை போட்ட கடிதத்தின் ஜெராக்ஸை இத்தோடு வைத்திருக்கிறேன், உன் கைடிடம் முதலில் அதைக் காட்டு. இந்தப் பகுதியே வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு. நீயாக யாருக்கும் தெரியாமல் எடுத்ததாக இருக்கக் கூடாது.

இதைப் பார்த்துவிட்டு அந்த நிறுவனம் உன்னைக் கூப்பிடாமலே போகலாம். அப்போது உனக்கு என் மேல் கோபம் வரும். வந்தால் அதை அடக்கிக்கொண்டு ஹாஸ்டலில் உட்கார்ந்திருக்காதே, அதோடே கிளம்பி வீட்டுக்கு வா. உன் அப்பா என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை, அதனால் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. நீயாவது வந்து என்னை நாலு வார்த்தை கேளு, தம்பி.

அம்மா